குடியிருப்பது ஓர் ஊரில், ஓட்டு வேறோர் ஊரில்

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 27 வயது. சொந்த ஊர் தேனி பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். கணவருக்கும் இங்கேதான் கட்டிங் செக்‌ஷனில் வேலை. வாடகை வீடு. என் பெயர் இன்னும் அம்மா வீட்டு வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. முதல் தடவை ஓட்டுப் போட ராத்திரி பஸ்சில் நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். காலையில் பூத்துக்குப் போனால், "உன் பெயருக்கு ஓட்டு விழுந்தாச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த தேர்தலுக்குப் போகவில்லை. கம்பெனியிலும் லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது.

மாமனார் திண்டுக்கல் பக்கம் இருக்கிறார். என் கணவர் ஓட்டும் அங்கேதான். "உன் பேரையும் நம்ம வீட்டுக்கு மாத்திரு, அஞ்சு ஓட்டு ஆயிரும்" என்கிறார். அஞ்சு ஓட்டு என்றால் அஞ்சு பேருக்கான பணம். எனக்கு அது பிடிக்கவில்லை, எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. 2025 கடைசியில் வீடு வீடாகக் கொடுத்த படிவத்தை அம்மா வாங்கி வைத்தார்களாம். அது என்ன ஆனதென்று தெரியவில்லை. ஒரே ஓட்டு, அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்), திருப்பூர்

பதில் அளிப்பவர்: தேர்தல் துணை வட்டாட்சியராகப் பணியாற்றி, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர்.

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் மூன்று ஊர் இருக்கிறது. அம்மா வீடு, மாமனார் வீடு, நீங்கள் குடியிருக்கும் திருப்பூர். ஓட்டு எங்கே என்று வந்ததும் முதல் இரண்டு ஊருக்கு நடுவில்தான் நீங்கள் தவிக்கிறீர்கள். மூன்றாவது ஊர் உங்களுக்கும் நினைவு வரவில்லை, வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. சட்டம் உங்களுக்குச் சொல்லும் ஊர் அந்த மூன்றாவதுதான்.

அதற்குள் போகும் முன், அந்த ராத்திரி பஸ்சைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்களை அப்படித் திருப்பி அனுப்பியது தவறு. ஒருவருடைய பெயருக்கு வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மையான வாக்காளர் வரும்போது அவருக்கு டெண்டர் ஓட்டு கொடுக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இது இருக்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உங்களிடம் சில கேள்விகள் கேட்டு, நீங்கள்தான் அந்த ஆள் என்று தெரிந்துகொள்வார். அப்புறம் மெஷினில் இல்லாமல், அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்று தருவார். தனிப் பட்டியலில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, நீங்கள் முத்திரை குத்திய சீட்டைத் தனி உறையில் வைப்பார். ஒவ்வொரு பூத்துக்கும் போகும் சாமான்களில் அந்தச் சீட்டுகளும் இருக்கும்.

ஒரு சட்டமன்றத் தேர்தலில் நான் மண்டல அலுவலராக ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூட பூத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "எம் பேருக்கு எவளோ போட்டுட்டாளாம். நான் போடாம எந்திரிக்க மாட்டேன்" என்றார். உள்ளே போய்க் கேட்டால், "வீட்டுக்குப் போகச் சொன்னோம், கேட்க மாட்டேங்குது" என்கிறார்கள். டெண்டர் சீட்டு இருந்த கவரை அதுவரை பிரிக்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. பாட்டி விரல் மையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போனார். அவர் மட்டும் சொன்ன உடனே எழுந்து போயிருந்தால், அந்தப் பூத்தில் அப்படி ஒன்று நடந்ததற்கு ஒரு காகிதம்கூட இருந்திருக்காது.

டெண்டர் ஓட்டை வழக்கமான எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முடிவை எதிர்த்து வழக்குப் போய், நீதிமன்றம் கேட்டால்தான் உறையைப் பிரிப்பார்கள். ஆனால் அப்படியும் ஒரு நாள் வந்திருக்கிறது. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 62,216-க்கு 62,215. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதில் டெண்டர் ஓட்டுகளே பெரிய விவாதமாக இருந்தன.

சரி, உங்கள் பெயருக்கு இன்னொருவர் ஏன் ஓட்டுப் போட முடிந்தது? உங்கள் ஊர் பூத் ஏஜென்டுகளுக்கு யார் ஊரில் இருக்கிறார்கள், யார் திருப்பூரில் இருக்கிறார்கள், யார் வரவே மாட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக டிக் அடிப்பவர்கள் அவர்கள். நீங்கள் இல்லாத ஊரில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், அது சாவி தொங்கும் பூட்டு மாதிரி. அம்மா ஊரில் யாரோ திறந்தார்கள். மாமனார் ஊருக்கு மாற்றினால், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் பெயருக்கு ஒரு தொகை எழுதப்படும். இரண்டு இடத்திலும் பெயர் உங்களுடையது, ஓட்டு உங்கள் கையில் இல்லை.

இப்போது திருப்பூருக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் எந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர். ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நாலு மாதம் வெளியூரில் வேலை பார்த்துத் திரும்புகிறவர் கதை வேறு. நீங்கள் வருஷக்கணக்காக அங்கே வீடு பிடித்து, கேஸ் வாங்கி, குடும்பம் நடத்துகிறீர்கள். வாடகை வீடு என்பதால் உரிமை ஒரு துளியும் குறையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டம் ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். உங்கள் தெருவில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது? கம்பெனி விட்டு ராத்திரி நடந்து வரும் வழியில் விளக்கு எரிகிறதா? சாக்கடை, குப்பை, நகர்ப்புறச் சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் நீங்கள் நம்பியிருப்பது திருப்பூரை. ஆனால் உங்கள் ஓட்டை எதிர்பார்ப்பவர் தேனியில் இருக்கிறார். திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டு. தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் என்று தென்மாவட்டத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் எத்தனையோ பேர். தேர்தலுக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாலே தெரியும். அவ்வளவு பேரும் அந்த ஒரு நாள் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். அப்புறம் உங்கள் வார்டு கவுன்சிலர் லைன் வீட்டுக் குழாயைப் பற்றி எதற்காகக் கவலைப்பட வேண்டும்? அவர் கையில் இருக்கும் பட்டியலில் அந்தச் சந்தில் ஆளே இல்லை.

எண்ணிக்கை முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு வெளியாகும். படிவம் 20 என்பார்கள். பொதுமக்கள் அதைப் பார்ப்பதில்லை, கட்சிக்காரர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். எந்தப் பூத்தில் 80 சதவீதம், எந்தப் பூத்தில் 45 சதவீதம் என்று அதில் தெரிந்துவிடும். நீங்கள் போட்டது தோற்ற வேட்பாளருக்காக இருந்தாலும், உங்கள் பகுதியில் ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் ஏறும். "ஒரே ஓட்டு, அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையா" என்று கேட்டீர்களே, நான் முதலில் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

ஜெயிப்பு தோல்வியை வைத்துக் கேட்டாலும் பதில் இருக்கிறது. 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். 2021-இல் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281. அதே வருஷம் சென்னை தியாகராய நகரில் 137. அந்தத் தொகுதியில் வாக்காளர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஓட்டுப் போட்டார்கள். வீட்டில் இருந்துவிட்டவர்களில் இரண்டு அபார்ட்மென்ட் ஆட்கள் கிளம்பி வந்திருந்தால்கூட முடிவு எப்படி வேண்டுமானாலும் போயிருக்கும். இவையெல்லாம் லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதிகள். வார்டுத் தேர்தலில் வித்தியாசம் இன்னும் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலை, உங்கள் பெயர் இப்போது எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. வாக்காளர் அட்டை கையில் இருப்பதால் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அட்டை வேறு, பட்டியல் வேறு. பூத்தில் செல்லுவது பட்டியல்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. நீங்கள் எழுதிய படிவம் அதற்குத்தான். டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் போக, அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறிப் போனவர்கள் என்று சொல்லி எடுக்கப்பட்டவை. அதாவது, உங்களைப் போன்றவர்கள். உங்கள் அம்மா படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தால் உங்கள் பெயரும் போயிருக்கலாம்.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பெயர் அம்மா ஊரில் இருந்தால் படிவம் 8. குடிபெயர்ந்ததற்கு அதுதான். அட்டை எண் மாறாது, பழைய இடத்தில் பெயரை அவர்களே எடுத்துவிடுவார்கள். பெயர் எங்குமே இல்லை என்றால் மட்டும் படிவம் 6, புதிதாகச் சேர்ப்பதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓர் ஊரில் பெயர் இருக்கும்போதே இன்னோர் ஊரில் படிவம் 6 கொடுத்துச் சேர்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

முகவரிக்கு என்ன சான்று என்று கேட்பீர்கள். திருப்பூர் முகவரியில் ஆதார் இருந்தால் போதும். கேஸ் பில், பேங்க் பாஸ்புக் இருந்தாலும் ஏற்பார்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், லைன் வீட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது. பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து, நீங்கள் குடியிருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோதான் பி.எல்.ஓ.வாக இருப்பார். அவர் வரும் நேரம் நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள், வீடு பூட்டியிருக்கும், 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதனால் விண்ணப்பம் போட்டதும் அவருடைய போன் எண்ணை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள். வீட்டு ஓனர் முகம் சுளித்தால் பயப்பட வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதால் வீட்டின் மேல் உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் வந்துவிடாது. இதை அவரிடமே சொல்லலாம். அவர் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை.

அட்டையில் அப்பா பெயர் இருக்கிறதே, கணவர் பெயருக்கு மாற்ற வேண்டுமா என்று பல பெண்கள் கேட்பார்கள். வேண்டாம். அப்பா பெயரே இருக்கட்டும். இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்லத் தோன்றுகிறது. 1951–52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிவாகியிருந்தது. சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் வைக்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. தேர்தல் பிரிவில் இருந்த காலமெல்லாம் இந்த எண்ணிக்கை எனக்கு மனதை விட்டுப் போனதில்லை. உங்கள் மாமனார் 'அஞ்சு ஓட்டு' என்று சொன்னதைப் படித்தபோதும் அதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்தில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?

ஆக, பணத்துக்கு வருவோம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம் ஊரில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் பணத்தால் நிறுத்தப்பட்டன. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தானது. 'டோக்கன்' என்றால் இப்போது சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரிகிறது. பணம் கொடுக்கிறவர்கள் கணக்குப் போடுவது வாக்காளர் பட்டியலை வைத்துத்தான். வீட்டு எண்ணுக்கு எத்தனை பெயர் என்று எண்ணி, வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மருமகள் அந்த நோட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வாங்கியவர் ஒருவர், கடன்பட்டவள் மாதிரி தலைகுனிவது இன்னொருவர். உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் வாங்கிய பணத்துக்கு நீங்கள் எந்த விதத்திலும் கட்டுப்பட்டவர் இல்லை. யாராவது சாமி படத்தின் மேல் சத்தியம் கேட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. ஓட்டு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டும் 7 விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும்.

ஆனால் மாமனாரிடம் இந்தச் சட்டமெல்லாம் பேசச் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் மருமகள் அப்படிப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அவரிடம் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். "குடியிருக்கிற ஊர்லதான் மாமா பேர் இருக்கணுமாம், இல்லைன்னா எடுத்துருவாங்களாம். இப்பவே எத்தனையோ பேருக்குப் போயிருச்சு" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பெயர் திருப்பூருக்கு வந்துவிட்டால், அவர் ஊரில் எண்ணுவதற்கு உங்கள் பெயரே இருக்காது. இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி லீவு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்ற பிரிவு இருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விடுமுறை விட வேண்டும். தினக்கூலிக்கும் அன்றைய கூலி உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், இந்தக் காலத்தில் அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அந்த நாள் கூலியை வாங்குவது இன்னும் கஷ்டம், அதையும் அறிவேன். தேர்தல் நேரத்தில் தொழிலாளர் துறை புகார் எண் அறிவிக்கும். தனியாகப் போகாமல் உங்கள் லைனில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், பூத் உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால், காலை 7 மணிக்கு வரிசையில் நின்று ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ராத்திரி பஸ், திரும்பி வரும் பஸ், போன கூலி எதுவும் இல்லை. அலைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அலைச்சலில் முக்கால்வாசி, பெயர் தப்பான ஊரில் இருப்பதால் வந்தது.

காலம் கடத்த வேண்டாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் கூட்டம் முண்டியடிக்கும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு மேல் யார் பெயரையும் சேர்க்க முடியாது. ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விட வேண்டியிருப்பதால், கையில் இருக்கும் அவகாசம் அதைவிடவும் குறைவு. எதுவும் இல்லாத சாதாரண மாதத்தில் போனால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் நாளன்று அட்டையோ ஆதாரோ ஒன்று கையில் இருக்கட்டும். பூத் சிலிப் மட்டும் 2019-இலிருந்து செல்லாது. மறுபடியும் யாராவது "ஓட்டு விழுந்தாச்சு" என்றால், "டெண்டர் ஓட்டு கொடுங்க" என்று கேளுங்கள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதுமே உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிவம் 8 வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். உங்கள் கணவரும் அதே வீட்டில்தானே குடியிருக்கிறார்.